டப்பா வாங்கும் முன்... கவனம் நிற்காத பிள்ளையும் சத்து மருந்தும்



இது இந்த மாதக் குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுவதற்கான பாடம். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் நிறுத்திப் பேசுங்கள். ஒரே கூட்டத்தில் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை.

எதற்காக இந்தப் பாடம்?

விதை, உரம், ஆடு, காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு... உள்கடன் கேட்பதற்கு நம் குழுக்களில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இவை. சமீபகாலமாக நாங்கள் கூட்டங்களுக்கு வரும்போது இன்னொரு காரணமும் கேட்கிறோம். "பிள்ளைக்குச் சத்துப் பவுடர் வாங்கணும்."

ஏன் என்று கேட்டால், "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறான். டீச்சர் தினமும் கூப்பிட்டுச் சொல்றாங்க. இந்தப் பவுடர் குடுத்தா மூளைக்கு நல்லதாம், கவனம் நிக்குமாம், ஞாபக சக்தி வருமாம்" என்கிறார்கள்.

பிள்ளைக்காக எந்தத் தாயும் கடன் வாங்கத் தயங்க மாட்டாள். அது தப்பும் இல்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டப்பா 1,200 ரூபாய், மாதம் ஒரு டப்பா என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு 14,400 ரூபாய். வட்டி தனி. மாதம் 100 ரூபாய் சேமிக்கும் உறுப்பினருக்கு இது 12 வருடச் சேமிப்பு! இவ்வளவு கொடுத்து வாங்கும் பொருள் பிள்ளையின் பிரச்சினைக்கு உண்மையிலேயே மருந்துதானா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

பணம் மட்டும் அல்ல. பவுடரை நம்பிக் காத்திருக்கும் ஆறு மாதத்தில் பிள்ளையின் உண்மையான பிரச்சினை கவனிக்காமல் போய்விடும். அதுதான் பெரிய நஷ்டம்.

மூன்று பிள்ளைகள், ஒரே புகார்

நாங்கள் பார்த்த மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். மூவரைப் பற்றியும் பள்ளிக்கூடத்தில் சொன்னது ஒன்றேதான்: "பாடத்தைக் கவனிக்கவே மாட்டேங்குது."

முதல் பிள்ளை மூன்றாம் வகுப்புச் சிறுமி. வகுப்பில் சோர்ந்து சாய்ந்துவிடுவாள். கொஞ்சம் ஓடினாலும் மூச்சு வாங்கும். யாருக்கும் தெரியாமல் பச்சரிசியும் சிலேட்டுக் குச்சியும் தின்பாள். வீட்டில் இரண்டு மாதம் டப்பா பவுடர் கலக்கிக் கொடுத்தார்கள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு 11.5-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அவள் ஓடி விளையாடினாள், பாடத்துக்கும் பதில் சொன்னாள். எல்லாமே இலவசம்.

இரண்டாவது, இரண்டாம் வகுப்புப் பையன். "கூப்பிட்டாத் திரும்ப மாட்டான், திமிர் பிடிச்சவன்" என்று அடி வாங்கிக்கொண்டிருந்தான். ஞாபக சக்தி டானிக் நான்கு பாட்டில் காலியானது. அவனுக்கு அடிக்கடி காதில் சீழ் வரும், கேட்கும் திறன் குறைந்திருந்தது. காது கேட்காத பிள்ளைக்கு டானிக் என்ன செய்யும்? காது மருத்துவரிடம் சிகிச்சை எடுத்தார்கள், ஆசிரியர் முன் பெஞ்சில் உட்கார வைத்தார். அவன் மாறினான்.

மூன்றாவது, ஒன்பது வயதுப் பையன். நான்கு வயதிலிருந்தே நிற்க மாட்டான். தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறுவான், ரோட்டில் பார்க்காமல் ஓடுவான். பென்சிலைத் தினமும் தொலைப்பான். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுக்க மாட்டான். வீட்டிலும் அப்படி, பள்ளியிலும் அப்படி. ரத்தம் நன்றாக இருந்தது. காதும் கண்ணும் நன்றாக இருந்தன. மாவட்ட மருத்துவமனையில் பார்த்து, இது ஏ.டி.எச்.டி. என்றார்கள். அதாவது கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த ஒரு நிலை. பவுடர் இவனுக்கு எந்த வித்தியாசமும் செய்யவில்லை.

மூவருக்கும் புகார் ஒன்று. வீட்டில் வாங்கிய பொருளும் ஏறக்குறைய ஒன்று. காரணம் மட்டும் மூன்று. இந்தப் பாடத்தில் நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: முதலில் காரணம், பிறகுதான் மருந்து.

வயலில் நாம் செய்வது இதுதானே!

பயிர் மஞ்சளடித்தால் உடனே யூரியா வாங்கிக் கொட்டுவோமா? தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறதா, பூச்சியா, இல்லை மண்ணில்தான் சத்துக் குறைவா என்று பார்ப்போம். சத்துக் குறைவு என்றால் உரம் வேலை செய்யும். வேர் அழுகும் பயிருக்கு எத்தனை மூட்டை போட்டாலும் வீண்தான்.

சத்து மருந்தும் அப்படியே. உடம்பில் எந்தச் சத்து குறைகிறதோ அதைக் கொடுத்தால் பலன் தெரியும். குறையில்லாத பிள்ளைக்கு மேலே மேலே கொடுத்தால் மூளை கூடுதலாக வேலை செய்யாது.

சத்துக் குறைவால் கவனம் குறையுமா?

குறையும். அதனால்தான் முதலில் அதைப் பார்க்கச் சொல்கிறோம்.

ரத்தம் உடம்பெங்கும் பிராணவாயுவைக் கொண்டுபோக இரும்புச்சத்து வேண்டும். மூளை சரியாக வேலை செய்யவும் அது வேண்டும். குறைந்தால் பிள்ளை சோர்ந்துபோகும், எரிச்சல்படும், மனம் ஒன்றாது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு. ஆக, பிள்ளைக்குப் பார்க்கும்போது அம்மாவும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். செருப்பில்லாமல் மலம் கலந்த மண்ணில் நடக்கும்போது பாதம் வழியாக உள்ளே போகும். பூச்சியை நீக்காமல் சத்துப் பவுடர் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

காலையில் வெறும் டீயும் பன்னும் சாப்பிட்டுப் போகும் பிள்ளைக்குப் பதினோரு மணிக்குப் பாடம் எப்படி ஏறும்? இதை மனதில் வைத்துத்தான் தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது.

தூக்கத்தையும் பாருங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பதினோரு மணி வரை செல்போனும் சீரியலும் பார்த்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு எழும் பிள்ளைக்கு எந்த டானிக்கும் உதவாது.

இலவசமாக நமக்கு வர வேண்டியவை

கடைக்குப் போகும் முன் இவை நம் பிள்ளைக்குக் கிடைக்கின்றனவா என்று பாருங்கள்.

1. பூச்சி மாத்திரை: வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தருகிறார்கள். 2015-ல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். அன்று பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு, விடுபட்டவர்களுக்கான நாளில் கேட்டு வாங்குங்கள்.

2. இரும்புச்சத்து: 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. சிரப். 5 முதல் 9 வயதுக்கு வாரம் ஒரு ரோஸ் நிற மாத்திரை. 10 முதல் 19 வயதுக்கு வாரம் ஒரு நீல நிற மாத்திரை. இது ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு. ஏற்கனவே வந்திருந்தால் டாக்டர் சொல்லும் அளவு வேறு.

3. மருத்துவப் பரிசோதனை: 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். கண், காது, சத்துக் குறைவு, வளர்ச்சியில் தாமதம் எல்லாம் பார்ப்பார்கள். 18 வயது வரை உண்டு. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு (டி.இ.ஐ.சி.) அனுப்புவார்கள்.

"மாத்திரை குடுத்தா வயித்த வலிக்குது, வெளிக்கி கருப்பாப் போகுது" என்று நிறுத்திவிடும் தாய்மார்கள் உண்டு. இரும்புச்சத்து சாப்பிட்டால் மலம் கருப்பாகப் போவது வழக்கம், பயம் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் வயிற்று வலி குறையும். டீ, காபி, பாலோடு கொடுக்க வேண்டாம், சத்து உடம்பில் சேராது. சோர்வு தெளிந்ததும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொன்ன மாதம் வரை கொடுக்க வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை: இரும்பு மாத்திரையைச் சிறு பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பிள்ளை அடங்கவில்லை என்றால்?

சுட்டித்தனம் எல்லாம் நோய் அல்ல. ஆறு வயதுப் பிள்ளை துள்ளத்தான் செய்யும். ஆனால் ஆறு மாதத்துக்கு மேலாக, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், அதன் வயதுப் பிள்ளைகளைவிட அதிகமாக இந்தத் தொல்லை இருந்து, படிப்பும் பழக்கமும் கெட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். உலக அளவில் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொல்கிறார்கள். இது அம்மா வளர்ப்புச் சரியில்லாததால் வருவது அல்ல. மிட்டாய் தின்பதாலும் வராது. யாரும் வைத்த செய்வினையும் இல்லை. "நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கயிறு கட்டுவதோடு நிறுத்தாமல் நோய்க்கும் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு உதவுவது எது? பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கற்றுத்தரும் பழக்குமுறைகள் முதலில். 6 வயதுக்கு மேல், தேவைப்பட்டால், டாக்டர் எழுதித்தரும் மருந்து. அந்த மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. அதற்குப் பதிலாகப் பவுடர் கொடுக்கவும் கூடாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

- ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள். "போய்க் கைகழுவு" என்றால் போதும். "கைகழுவிட்டு, பையை எடுத்து வச்சுட்டு, பால் வாங்கிட்டு வா" என்றால் நடுவிலேயே மறந்துபோகும்.
- பத்து நிமிடம் படிப்பு, பிறகு ஐந்து நிமிடம் ஓட்டம், மறுபடி படிப்பு.
- சாப்பாடு, படிப்பு, தூக்கம் தினமும் ஒரே நேரத்தில்.
- நல்லது செய்தால் அப்போதே பாராட்டுங்கள்.
- முன் பெஞ்சில் உட்கார வைக்க ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. வீட்டிலும் அடி பலன் தராது.

மீன் எண்ணெய் மாத்திரை, ஒமேகா-3 எல்லாம்?

இதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. காக்ரேன் என்ற உலகளாவிய ஆய்வுக் குழு 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2023-ல் முடிவு வெளியிட்டது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கு ஒமேகா வகைக் கொழுப்பு மாத்திரை கொடுத்ததிலும், வெறும் பொய் மாத்திரை கொடுத்ததிலும் கவனக்குறைவிலோ துறுதுறுப்பிலோ வித்தியாசம் இல்லை என்பது அதில் தெரிந்தது. இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டியும் 2018-ல் இந்த நிலைக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொன்னது.

வைட்டமின் மாத்திரையும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். "சத்துதானே, அதிகமானா என்ன?" என்று நினைக்கக் கூடாது. வைட்டமின் ஏ, டி போன்றவை அளவு மீறினால் உடம்பில் தங்கிக் கெடுதல் செய்யும்.

வல்லாரை கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். துவையலாக, கீரையாகச் சாப்பிடுவது நல்ல உணவு. ஆனால் அதையே வைத்தியம் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போங்கள். வேறு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சந்தையில் பெயரும் விலாசமும் இல்லாமல் பொட்டலம் கட்டி விற்கும் பொடியைப் பிள்ளை வாயில் போட வேண்டாம்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம்தான் விவரம். படித்த மகளையோ மகனையோ படிக்கச் சொல்லுங்கள்.

- சத்து மருந்து வகைகளில் "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. டப்பாவிலேயே மருந்து இல்லை என்று எழுதிவிட்டு, வாயால் மருந்து என்று விற்கிறார்கள்!
- 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா?
- 100 கிராமில் சர்க்கரை எத்தனை கிராம்?
- காலாவதி தேதி என்ன?

"ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணையத்தில் விற்பவர்கள் அந்தத் தலைப்பின்கீழ் பானங்களை விற்கக் கூடாது என்று சொன்னது.

விற்பவர் நம்மவராக இருந்தால்?

இது சங்கடமான விஷயம். பேசாமல் விடவும் முடியாது. பல ஊரில் இந்த டப்பாக்களைக் கொண்டுவருவது கடைக்காரர் அல்ல. பக்கத்துக் குழு அக்கா, நாத்தனார், நம் குழு உறுப்பினரே. அவரும் கடன் வாங்கி முதல் போட்டிருப்பார். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று சொல்லியிருப்பார்கள். அவரைத் திட்ட வேண்டாம். முகம் முறியாமல் இப்படிச் சொல்லலாம்: "அக்கா, முதல்ல ஆஸ்பத்திரில காட்டிட்டு வரேன். டாக்டர் இதைக் குடுக்கச் சொன்னா உங்ககிட்டயே வாங்குறேன்." குழுக் கூட்டம் நடக்கும் இடத்தில் விற்பனை வேண்டாம் என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் யார் மனமும் நோகாது.

நம் அடுப்பில் இருக்கும் சத்து

கம்பு 100 கிராமில் சுமார் 6 மில்லிகிராம், கேழ்வரகில் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. முருங்கைக்கீரை, நிலக்கடலை உருண்டை, பயறு, முட்டை, ஈரல், நெத்திலிக் கருவாடு எல்லாம் நமக்குத் தெரிந்தவையே. தானியம், கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் நன்றாகச் சேர, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுங்கள். சாப்பாட்டோடு டீ வேண்டாம். ஒமேகா-3 சத்து வேண்டுமா? மீன் சாப்பிடும் வீட்டில் மத்தி மீன் குழம்பிலேயே அது இருக்கிறது. உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. ரத்தசோகை அதிகமாக இருந்தால் உணவு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். ஏ.டி.எச்.டி. இருந்தால் நல்ல உணவு உடம்புக்கு உதவும், அந்த நிலையை மாற்றாது.

உடனே காட்ட வேண்டியவை

பிள்ளை பேசிக்கொண்டே இருக்கும்போது சில நொடி அப்படியே வெறித்துப் பார்த்து நின்றுவிட்டு, பிறகு ஒன்றும் தெரியாதது போல் தொடர்கிறதா? அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். காதில் சீழ், புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பது, முன்பு பேசிய பேச்சு குறைவது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். எழுத்துக் கூட்டுவதில் மட்டும் பிள்ளை திணறினால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம், அதற்கும் பவுடரில் பதில் இல்லை.

எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 104-ஐ அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். மனநலம், நடத்தை பற்றிக் கேட்க 14416.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. என் பிள்ளைக்கு எந்தச் சத்து குறைகிறது? பரிசோதனையில் தெரிந்ததா?
2. இந்த மருந்து எதற்கு? எத்தனை நாள்?
3. எப்போது, எதோடு கொடுக்க வேண்டும்?
4. பலன் தெரிகிறதா என்று எப்போது வந்து காட்ட வேண்டும்?
5. இது அரசு மருத்துவமனையிலேயே கிடைக்குமா?

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் யார் வீட்டிலாவது இப்படிப் பிள்ளை இருக்கிறதா? இதுவரை என்ன செய்தோம், எவ்வளவு செலவானது?
2. நம் ஊர்ப் பள்ளிக்கு மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது?
3. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ரத்தம் பரிசோதித்திருக்கிறோம்?

தீர்மானப் புத்தகத்தில் எழுத

- சத்துப் பவுடர், டானிக்குக்காக உள்கடன் கேட்கும் உறுப்பினரை மறுக்காமல், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவரச் சொல்வோம். துணைக்கு ஒருவர் கூடப் போவோம்.
- ஊக்குநரும் பிரதிநிதியும் தலைமை ஆசிரியரைச் சந்தித்து, மருத்துவக் குழு வரும் நாளைத் தெரிந்து எல்லோருக்கும் சொல்வார்கள்.
- மாவட்ட மருத்துவமனைக்குப் போக பஸ் செலவு இல்லாத தாய்க்குக் குழு உள்கடனில் முன்னுரிமை தரும்.

கடைசித் தீர்மானத்தை விட்டுவிடாதீர்கள். டப்பாவுக்கு 1,200 ரூபாய் கடன் கொடுக்கும் குழு, சரியான டாக்டரிடம் போக 200 ரூபாய் பஸ் செலவுக்குக் கொடுப்பது பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி. உங்கள் குழுவில் போட்ட தீர்மானத்தை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். மற்ற ஊர் உறுப்பினர்களும் கேட்கட்டும்.